மூன்று மணிக்குக் கிளம்ப அனுமதி

ஜூன் 2, திங்கள்

ஷைலஜா டீச்சர் இந்த நோட்டை வாங்கச் சொன்னார். அமுதினி தினமும் என்ன செய்தாள், எதற்கு அழுதாள், எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று எழுதி வைக்க வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்.

காலை இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஷாம்பு பாக்கெட்டுகளை வாசலிலிருந்து பாத்ரூம் வரை வரிசையாக அடுக்கினாள். அவசரத்தில் நான் ஒன்றை மிதித்துவிட்டேன். முக்கால் மணி நேரம் அழுதாள். வயது நாலரை ஆகிறது. வேறு பிள்ளையாக இருந்தால் ஏன் மிதித்தாய் என்று சண்டைக்கு வந்திருக்கும்.

வகுப்பு செவ்வாய், வியாழன், வெள்ளி. மதியம் மூன்றரை. டீச்சரிடம் வேறு நேரமே இல்லை. பதினேழாம் தேதி ஆரம்பம். அம்மாவோ அப்பாவோ கூடவே உள்ளே உட்கார வேண்டும், அங்கே செய்வதை வீட்டிலும் செய்ய வேண்டும். தொடர்ந்து மூன்று வகுப்பு பெற்றோர் வராவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். "இந்த ஒரு வருசத்த மட்டும் விட்றாதீங்க ரேணுகா" என்றார் டீச்சர். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உரக்கக் கேட்டது.

என் ஆபீஸ் ஒன்பதரை முதல் ஆறு வரை. பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவு. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லி, மெக்கானிக்கை அனுப்புவது என் வேலை. எட்டு வருஷமாகிறது.

இந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு முதல் ஷிஃப்ட். மதியம் இரண்டரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாராம்.

ஜூன் 3, செவ்வாய்

ஏப்ரலில் இருந்து எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு தொங்குகிறது. ஒரு வருஷம் வேலை பார்த்த யாரும் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கோரிக்கை வைக்கலாம். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டும். கேட்பது உங்கள் உரிமை என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டு மாதமாக எல்லோரும் நின்று படித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

இன்று ஃபாரம் வாங்கினேன். ஹெச்.ஆர். ரெஜினா மேடம் அதைத் தேடி எடுக்கவே கொஞ்ச நேரமானது.

காலை ஏழிலிருந்து மூன்று வரை வேலை செய்கிறேன் என்று எழுதினேன். அதுவரை பேனா நன்றாகத்தான் ஓடியது. அடுத்தது "கோரிக்கைக்கான காரணம்". குழந்தையின் படிப்பு என்று எழுதி அடித்தேன். நாலரை வயதில் என்ன படிப்பு என்பார்கள். குழந்தையின் உடல்நலம் என்று எழுதினேன். என்ன உடல்நலம், சான்றிதழ் எங்கே என்பார்கள். அதையும் அடித்துவிட்டு வேறு ஃபாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரிடம் கேட்டேன். "எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அதயெல்லாம் எழுதிக் குடுத்து ஆபீஸ் பூரா பேசோணுமா? வேற ஏதாவது எழுது" என்றார்.

வேறு ஏதாவது. சரி. மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், மதியம் பிசியோதெரபி என்று எழுதினேன். கோர்வையாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

மாமா அப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்ற கால். அறுபத்தெட்டு வயதிலும் அசையாது.

ஜூன் 4, புதன்

கொடுத்துவிட்டேன். "வயசானவங்க விழுந்தா பெரிய கஷ்டம்ங்க" என்றார் ரெஜினா மேடம். சாமி, மாமாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

மேனேஜர் சென்னியப்பன் சார் கூப்பிட்டார். மூன்று மணிக்கு மேல் வருகிற போனை யார் எடுப்பது என்று கேட்டார். இதற்கு நான் தயாராகப் போயிருந்தேன். போன வாரம் காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் வந்து யாரும் எடுக்காமல் போன போன்கள் நாற்பத்தொன்று. மூன்று மணிக்கு மேல் வந்தவை பதினாறு. தோட்டத்துக்காரர்கள் விடியற்காலையில் மோட்டார் போடுவார்கள். ஓடவில்லை என்றால் அப்போதுதான் கூப்பிடுவார்கள். ஒன்பதரை வரை அவர்கள் நம்மைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

சார் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார். "இத ஏம்மா எட்டு வருசமா சொல்லல?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "அப்புறம், மாமனாருக்கு இப்ப எப்படி இருக்குது?" என்றார். பரவாயில்லைங்க சார் என்றேன்.

அமுதினி: அழவில்லை. ஃபேனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூன் 13, வெள்ளி

கிடைத்துவிட்டது. மூன்று மாதம் பரீட்சார்த்தமாக, பதினேழாம் தேதியிலிருந்து. கம்பெனியிலேயே முதல் கோரிக்கை என்னுடையதுதானாம். இன்னும் இரண்டு பேர் ஃபாரம் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று ரெஜினா மேடம் சொன்னார். கேசரி செய்தேன். மாமா என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் மாமா என்றேன். இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் வகுப்பு. டீச்சர் ஒரு பந்தை உருட்டினார். அமுதினி பந்தைப் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. நாற்பது நிமிஷம் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு முறை பந்தைத் தட்டிவிட்டாள். டீச்சர் கை தட்டினார். நானும் தட்டினேன். வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது ஏனோ அழுகை வந்தது.

வீட்டில் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று மாமா கேட்டார். டான்ஸ் கிளாஸ் என்றேன். மாமாவுக்கு எதுவும் தெரியாது. "எங்க பெரியப்பாரு ஏழு வயசுலதான் வாயத் தொறந்தாரு, அப்பறம் மூடவேயில்ல" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூக்கம்.

ஜூன் 19, வியாழன்

பந்தை மூன்று முறை தட்டினாள்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினொரு மணிக்கு காலிங் பெல். திறந்தால் சென்னியப்பன் சார், கூட அவர் வீட்டம்மா. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கிலோ ஆரஞ்சு. "மாமனாரப் பாத்துட்டுப் போலாம்னு வந்தம்" என்றார்.

எனக்கு இது தோன்றாமல் போனதைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறேன். இந்த ஊரில் ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் பார்க்காமல் இருப்பார்களா? கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். எங்கள் ஆபீசிலிருந்து நானே எத்தனை வீட்டுக்கு ஹார்லிக்ஸ் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஃபாரத்தில் கதை மட்டும் எழுதவில்லை, வீட்டு விலாசத்தையும் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வாங்க, உக்காருங்க என்றேன். மாமா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாடிப்படியில் சத்தம். நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாமா ஏறி வந்தார். "சிலிண்டர் போடறவன் மேல ஏற மாட்டங்கறான் அம்மணி, நானே தூக்கிட்டு வந்துட்டன்" என்று சொல்லி, சிலிண்டரை சார் காலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். "வாங்க, வாங்க. யாருங்க?"

சார் மாமாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நானுங்க, ரேணுகா வேலை பாக்கற கம்பெனிதானுங்க" என்றார். அவர் வீட்டம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. "இடுப்பு இப்பத் தேவலைங்களா?" என்று மாமாவிடம் கேட்டார். "எந்த இடுப்புங்க?" என்றார் மாமா.

காபி போட்டேன். குடித்தார்கள். சார் மழை வருமா என்பதைப் பற்றி மாமாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஹார்லிக்ஸை டீவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் 23, திங்கள்

மெமோ. பொய்யான தகவல் கொடுத்து அனுமதி பெற்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்க வேண்டும். அதுவரை மூன்று மணி அனுமதி நிறுத்தம். லீவும் கிடையாது. ரெஜினா மேடம் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

வீட்டில் அவர் சொன்னார்: "நாட்டு வைத்தியத்துல சீக்கிரம் சரியாப்போச்சுன்னு எழுதிரு. புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டம்னு சொல்லு." இடுப்பெலும்பு இருபது நாளில் கூடி சிலிண்டர் தூக்குமா என்று கேட்டேன். "உனக்குத்தான் கோர்வையா எழுத வருமே" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

வகுப்பு போயிற்று. மூன்றரைக்கு நான் ஆபீசில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறாமல் காற்று வாங்கும் மோட்டாரைப் பற்றி உடுமலைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. ஒன்று போனது. இன்னும் இரண்டு போனால் அவ்வளவுதான்.

அவருக்கு முதல் ஷிஃப்ட். இரண்டரைக்கு வந்து தூங்கினார். ஐந்தரைக்கு மாமா எழுப்பித்தான் எழுந்தாராம்.

ஜூன் 25, புதன்

மாமா மூன்று நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காய் நறுக்கும்போது வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்னயப் படுக்கையில போட்டயே அம்மணி, நா என்ன பண்ணுனன் உனக்கு?"

சொல்ல வேண்டியதாயிற்று. டான்ஸ் கிளாஸ் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அக்டோபரில் டாக்டரிடம் போனது, ரிப்போர்ட் வந்தது, அதை பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தது, முதல் பக்கத்துக்கு மேல் நான் இன்னும் படிக்காதது, எல்லாம். மாமா குறுக்கே பேசவில்லை. அமுதினி அவர் காலடியில் பீர்க்கங்காய்த் துண்டுகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"எங்கிட்டச் சொல்லோணும்னு ரெண்டு பேத்துக்கும் தோணல." அப்புறம் அவரே, "சொல்லியிருந்தாலும் எங்க பெரியப்பன் கதையத்தான் சொல்லியிருப்பன்" என்றார். "நாளைக்கு நாங் கூட்டிட்டுப் போறன். விலாசத்தக் குடு. நல்ல விலாசமாக் குடு." எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

மாமா கூட்டிப் போனார். தாத்தாவை உள்ளே விடுவதில்லையாம். இருந்தாலும் டீச்சர் இரண்டு வகுப்பு மட்டும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அமுதினி பந்தைத் திருப்பி உருட்டினாள். மாமாவிடம் உருட்டினாள். அதை மாமா நாலு தடவை சொன்னார்.

அவர் தூங்கி எழுந்து வந்து காபி கேட்டபோது மாமா சொன்னார். "டீச்சரம்மா கேட்டாங்கடா, இவ அப்பா எங்கன்னு. ஊட்டுல தூங்கறான்னு சொல்ல வாய் வல்ல. வேலைக்குப் போயிருக்கறான்னு பொய் சொல்லிப்போட்டு வந்தன். உங்க கூடச் சேந்து எனக்கும் பழகிப்போச்சு."

அவர் காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவோ அப்பாவோ என்றுதான் டீச்சர் சொன்னார். முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். என் ஆபீஸ், என் ஃபாரம், என் மூன்று மணி என்று நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டரைக்கு ஒரு ஆள் வீட்டுக்கு வந்து படுக்கிறது எனக்கு ஒரு நாளும் வழியாகத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாததற்கு அவர் மேல் கோபம். எனக்குத் தோன்றாததற்கு யார் மேல் கோபப்படுவது?

ஆபீஸ் முடிந்து ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். எங்கள் தெருக் கடையில் கொடுக்கப் பயம். மூன்று ஸ்டாப்பிங் தள்ளிப் போய் எடுத்தேன். கடைக்காரர் படிக்கவே இல்லை. அவருக்கு பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்தான் கணக்கு. ஸ்கூட்டி மாமாவிடம் இருந்ததால், திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தில், பெற்றோர் ஈடுபாடு மிகவும் அவசியம் என்று போட்டிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

விளக்கம் கொடுத்துவிட்டேன். நாலே வரி. நடந்ததை எழுதினேன். அந்த வார்த்தையையும் எழுதினேன். இந்த நோட்டில் எழுத இன்னும் வரவில்லை.

மூன்று மணிக்கு சார் அறையில் உட்காரச் சொன்னார்கள். சார், ரெஜினா மேடம், நான். அந்நேரம் மாமாவும் அமுதினியும் டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள் என்று மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார். "இத மொதல்லயே எழுதியிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பனே ரேணுகா. ஏன் எழுதல?"

ஆபீசில் பேசுவார்கள் என்று பயம், வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்துப் போனேன். வாயில் வேறு வந்தது. "எழுதிட்டா உண்மையாயிரும்னு பயமா இருந்துச்சுங்க சார்" என்றேன்.

ரெஜினா மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அப்புறம் சார் சொன்னார். வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஃபைலில் போகும். ஆனால் பொய்த் தகவல் கொடுத்தவர் ஆறு மாதத்துக்கு மறுபடி கோரிக்கை வைக்க முடியாது. அந்த விதியை அவரால் தளர்த்த முடியாது. "இந்தத் திட்டத்துல மொதக் கோரிக்கையே உங்களுது. அதுவே பொய்யின்னு ஆயிப்போச்சு. இப்ப நா விட்டுக்குடுத்தா, நாளைக்கு வர்ற ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் ஆளனுப்பிப் பாக்கச் சொல்லுவாங்க மேல இருக்கறவங்க. அந்த ரெண்டு ஃபாரம் இன்னும் திரும்பி வரல, தெரியுமா?"

தெரியாது. ஸ்டோர்ஸில் ஒரு பெண், கேன்டீன் பக்கம் ஒருவர். நான் கண்டேனா, என் ஒரு பொய்க்கு அவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு என் சீட்டுக்கு வந்தேன். ஆறு மணி வரை போன் எடுத்தேன்.

ஆறு மாதம் என்றால் டிசம்பர் முடிந்துவிடும்.

ஜூன் 29, ஞாயிறு

கேட்டே விட்டேன். தோசை ஊற்றிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"உங்க கம்பெனில எப்பவுமே முதல் ஷிஃப்ட் வேணும்னு கேட்டா குடுப்பாங்களா?"

"எதுக்கு?"

"மூன்றரைக்கு நீங்க கூட்டிட்டுப் போலாம்."

அவர் சிரித்தார். "ஆம்பளைக நாங்க போயி புள்ளயப் பாக்கோணும், ஷிஃப்ட மாத்துன்னு கேட்டா கையக் கொட்டிச் சிரிப்பானுக. பொண்டாட்டி என்ன பண்றாம்பானுக."

"பொண்டாட்டி கேட்டுட்டா. பொய் சொல்லிக் கேட்டா. அவளுக்கு இனிமே ஆறு மாசத்துக்குக் கெடையாது."

"மெதுவாப் பேசு."

"எத்தனை மெதுவாங்க பேசறது? நம்ம புள்ளதான் பேசவே மாட்டங்கறாளே."

இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. தோசை கருகியது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய், இரண்டு மணி நேரம் பைக்கைக் கழுவினார். ஏற்கனவே சுத்தமாக இருந்த பைக்.

அமுதினி: காலை தோசை வேண்டாம் என்று தள்ளினாள். மதியம் பருப்பு சாதம். பந்தை மாமாவிடம் ஏழு முறை உருட்டினாள்.

ஜூன் 30, திங்கள்

அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். மதியம் கிளம்பும் முன் எனக்கு போன் செய்து, "அந்த டீச்சரு ஊடு எங்கிருக்குது?" என்று கேட்டார். எதற்கு என்று கேட்கப் பயந்து விலாசத்தை மட்டும் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று மூன்றரைக்கு யார் போவது என்று தெரியாமல்தான் ஆபீஸ் வந்தேன். இனி மாமாவை விட மாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு அவரிடமிருந்து போன். ஷிஃப்ட் இரண்டு மணிக்கு. இந்நேரம் எங்கே போனார் என்று பதறி எடுத்தேன்.

பின்னால் மெஷின் சத்தம். கம்பெனியில் இருக்கிறார்.

"இன்னிக்கு லீவு சொல்லீட்டன். மூன்றரைக்கு நானே கூட்டிட்டுப் போறன். அப்பறம், முதல் ஷிஃப்ட் கேட்டு லெட்டர் எழுதீட்டு இருக்கறன். சூப்பர்வைசர் காரணம் போடச் சொல்றாரு."

எதிரில் இரண்டாவது போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. இவர் என்ன எழுதுவார், மாமாவுக்கு மறுபடி இடுப்பை ஒடிப்பாரா என்று பயம்.

"எழுதீட்டன். படிக்கறன், சரியா இருக்குதான்னு சொல்லு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஐயா, என் மகள் அமுதினிக்கு ஆட்டிசம் உள்ளது. வாரம் மூன்று நாள் அவளை வகுப்புக்கு நான் அழைத்துச் செல்ல வேண்டும்."

அதோடு நிறுத்தினார்.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இருக்கறாங்க" என்றார்.